அரம் பிடிக்கிற கைக்கு

ஷாரோனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு மூன்று நாளாகிவிட்டது. இடது பக்கம் யாராவது கூப்பிட்டால் தோளோடு சேர்த்து, ஆளே திரும்ப வேண்டியிருந்தது. வலி காதுக்குப் பின்னால் கிளம்பித் தோள்பட்டையில் இறங்கி, மவுஸ் பிடிக்கும் மூன்று விரல்களில் வந்து நின்றது. ஆபீஸ் நாற்காலியின் முதுகு உடைந்து நாலு மாதம். கேட்டால் அடுத்த பட்ஜெட் என்பார்கள். வீட்டில் வாய்விட்டுச் சொல்லவும் முடியாது. எட்டு மணி நேரம் நின்றபடி அரத்தால் அலுமினியத்தை ராவிவிட்டு வருகிற அம்மாவிடம், உட்கார்ந்த இடத்தில் கழுத்து வலிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் ரோட்டில், டயர் குடோனுக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவில் தகரக்கூரை போட்ட நீளக் கட்டடம்தான் அவள் கம்பெனி. அங்கே உள்ளங்கை அகலத்தில் ஒரு போர்டு செய்கிறார்கள். அகலம்தான் அவ்வளவு, அதற்குள் ஒரு முழு கம்ப்யூட்டர் அடங்கியிருக்கிறது. சுற்றுவட்டாரத்து ஃபேக்டரி கேட்டுகளில் தொழிலாளிகள் விரல் வைத்துவிட்டுப் போகிற வருகை மிசின்களுக்குள் உட்கார்ந்திருப்பது அந்தப் போர்டுதான். ஏறக்குறைய இருநூறு மிசின்.

அந்தப் போர்டுக்குள் அடியில் ஓடுகிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. இது திரை, இது விரல் சென்சார், இதனிடம் இப்படிப் பேசு என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக் கொடுக்கிற சின்ன நிரல்தான் டிரைவர். கெர்னலை உலகம் பூராவும் இருக்கிறவர்கள் சேர்ந்து மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அது மாற மாறப் பழைய டிரைவர் ஒட்டாமல் போகும். ஒட்ட வைப்பது ஷாரோன் வேலை. புதிதாக ஒன்றையும் செய்வதில்லை. நேற்று ஓடியது இன்றைக்கும் ஓட வேண்டும். ஓடுகிற வரை அவளை யாரும் கேட்க மாட்டார்கள்.

மகள் டிரைவர் வேலை பார்க்கிறாள் என்று லூர்தம்மாள் மாத்தூர் தெருவில் சொல்லப்போக, ஸ்கூல் வேனா, கம்பெனி பஸ்ஸா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து "கம்ப்யூட்டரு" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை காலை ஷாரோனின் திரையில் பதினோரு புகார் நின்றது. எல்லாம் ஒரே புகார். விரல் எடுக்கவில்லை. புது கெர்னல் போன வாரம்தான் மிசின்களுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. நேற்று மாலை கடைசி ஐம்பதுக்கும் இறங்கி முடிந்தது.

மேனேஜர் பிரசன்னா காப்பி டம்ளரோடு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றான்.

"மழை ஷாரோன். கார்த்திகை மாசம் ஈரக் கையோட வெப்பாங்க. தொடச்சிட்டு வைங்கன்னு ஒரு ரிப்ளை போட்டு க்ளோஸ் பண்ணு."

"பதினொண்ணும் ஒரே நாள்ல வந்திருக்கு."

"ஒரே நாள்லதான் மழையும் வந்திருக்கு."

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. தகரக்கூரையில் அடித்த மழையில் அவன் குரலே பாதிதான் கேட்டது. ஷாரோன் பதினொன்றையும் மூடினாள்.

மாலை அவள் வீட்டுக்கு வந்து அடுப்பில் உலை வைத்த நேரத்தில் லூர்தம்மாள் வந்தாள். தலை முதல் கால் வரை நனைந்திருந்தாள். குடை மடித்தபடி கையில் இருந்தது.

"இன்னாம்மா, கொடையக் கைல வெச்சிக்கினு நனைஞ்சிகினு வர்ற?"

"கொடை கெடக்குது வுடு. மிசினு என் வெரல எடுக்கலடி."

ஷாரோன் கையிலிருந்த அரிசியைக் கீழே வைத்தாள். "எத்தினி வாட்டி வெச்ச?"

"மூணு வாட்டி. பொடவைல தொடச்சி தொடச்சி வெச்சன். சிவப்பு லைட்டு. பின்னால நிக்கிறவளுங்க யக்கா நவுரு, யக்கா நவுருன்றாளுங்க. கோதண்டம் வந்தான். லைன்ல ஆளு கம்மி, நீ உள்ள போ, அப்பாலிக்கா பாத்துக்கலாம்னான். போனன். எரநூத்திப் பத்து பீசு ராவுனன். ரெண்டரைக்கு ஷிப்டு வுட்டதும் போயி, பொழுது சாயற வரிக்கும் நின்னு கேட்டா, மிசின்ல இல்லியே யக்கா, இன்னிக்கி நீ ஆப்சென்டுன்றான். வேல வாங்கிக்கினு ஆப்சென்டுன்றான், பேமானி."

கோதண்டம் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். வண்டி பாகங்கள் வார்க்கிற ஃபேக்டரியில் பிசிறு தட்டுகிற லைனுக்கு ஆள் ஏற்றுவதும் இறக்குவதும் அவன்தான். வழக்கமாக நானூறு நாளைத் தாண்டுகிற பெண்களுக்கு இரண்டு மாதம் பிரேக் கொடுத்துவிட்டுப் புது ஆளாகத் திரும்ப எடுப்பான். நடுவில் காண்ட்ராக்டர் மாறியதில் பழைய கணக்கு கைமாறவில்லை. லூர்தம்மாளுக்குப் பிரேக் கொடுக்க மறந்துபோனார்கள். போன வாரம்தான் கண்டுபிடித்தான். கண்டுபிடித்த அன்றே, இந்த வாரச் சனிக்கிழமையோடு முடிந்தது, திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான்.

ஆனால் ஸ்ரீபெரும்புதூர் சங்கத்து வக்கீல் லூர்தம்மாளிடம் வேறொன்று சொல்லியிருந்தார். இருபத்துநாலு மாதத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்த பதிவு இருந்தால் நிரந்தரம் கேட்டு நிற்கலாம். பேப்பர் ரிஜிஸ்டர் வேண்டாம், அதை அடிப்பார்கள், திருத்துவார்கள். மிசின் கணக்கு இருக்கட்டும். புதன்கிழமை ஷிப்டு விட்டு வெளியே வரும்போது விரல் வைத்ததில் மிசின் திரையில் பெயருக்குக் கீழே 478 என்று வந்தது. மிச்சம் இருந்தது வியாழன், வெள்ளி, சனி. ஒரு நாள் கைவசம் கூடுதலாக இருக்கிறது என்று லூர்தம்மாள் கொஞ்சம் தெம்பாகத்தான் இருந்தாள். அந்த ஒரு நாள் இன்றைக்குப் போய்விட்டது.

"கைய குடு" என்றாள் ஷாரோன்.

"இன்னாத்துக்கு? ஜோசியம் பாக்கப் போறியா?"

குழல்விளக்கின் கீழே அம்மாவின் விரலைத் திருப்பிப் பார்த்தாள். தேய்ந்துபோன சோப்புத் துண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. ரேகை என்று ஒன்று நுனியில் இல்லை. ஓரங்களில் மட்டும் நாலைந்து கோடு. நடுவில் அலுமினியத் தூள் ஏறிய கறுப்பு வெடிப்பு. இருபத்தேழு வருஷமாகத் தனக்குச் சோறு போட்ட கையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

பையில் எப்போதும் ஒரு போர்டும் சென்சாரும் வைத்திருப்பாள். பாயில் வைத்து லேப்டாப்போடு இணைத்தாள். யார் விரலானாலும் ரேகை படிந்தால் அதில் பச்சை எரியும்.

"வெய்."

சிவப்பு. இரண்டாம் முறையும் சிவப்பு. மூன்றாவது முறையும் சிவப்பு. போர்டின் மெமரி கார்டை எடுத்துவிட்டுப் பழைய கெர்னல் இருந்த கார்டைச் செருகினாள்.

"இப்ப வெய்."

சிவப்பு, சிவப்பு. மூன்றாவது முறை ஒரு நொடி யோசித்துவிட்டு, பச்சை.

உலைத் தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. ஷாரோன் எழுந்திருக்கவில்லை. மழை இல்லை, ஈரம் இல்லை. தான்தான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பழைய டிரைவரில் ஒரு வரி இருந்தது. இரண்டு முறை விரல் படியாவிட்டால், மூன்றாவது முறை சென்சாரின் கூர்மையை இரட்டிப்பாக்கு, முந்நூறு மில்லி செகண்ட் பொறு, பிறகு படி. அதற்கு மேலே தமிழிலேயே ஒரு குறிப்பு: 'அரம் பிடிக்கிற கைக்கு. எடுக்காதிய.' ஆகஸ்டில் அந்த டிரைவரைப் பொதுக் கெர்னலில் சேர்க்க அனுப்பினாள். அங்கே சேர்ந்துவிட்டால் உலகத்தார் மாற்றும்போது இதையும் சேர்த்தே மாற்றுவார்கள். பாதி வேலை மிச்சம். சரிபார்த்த ஆள், எந்த ஊர்க்காரனோ, மரியாதையாகத்தான் கேட்டிருந்தான். ஏன் முந்நூறு? ஏன் இருநூறு இல்லை? அளந்து பார்த்ததா? குறிப்பை எல்லாருக்கும் புரிகிற மொழியில் எழுத முடியுமா? அவளிடம் பதில் இல்லை. பதில் தெரிந்த ஆளைக் கேட்க வாய் வரவில்லை. வரியையும் குறிப்பையும் சேர்த்து எடுத்துவிட்டாள். எடுத்ததும் டிரைவர் ஏற்கப்பட்டது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள்.

"இந்த மிசினு வந்த புதுசுலயும் இப்பிடித்தான் பேஜாரு பண்ணிச்சி" என்றாள் லூர்தம்மாள், தலையைத் துவட்டிக்கொண்டே. "அப்ப ஒரு தெக்கத்திப் புள்ள வந்தான். மடியில லேப்டாப்ப வெச்சிக்கினு மூணு நாளு கேட்டாண்டயே குந்திக்கினு இருந்தான். என் வெரலதான் வெய்யி வெய்யின்னுவான். எங்க லைன்லயே என் வெரலுதான் மோசமாம். ஒங்க வெரல எடுத்துட்டா ஒரகடத்துல எல்லாரு வெரலையும் எடுத்துரும்க்கான்னான். மூணு நாளும் என் டிபன் பாக்ஸ்லதான் துன்னான். கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு அதுக்கு."

"பேரு இன்னா?"

"மாசானம். பேரே ஒரு தினுசா இருந்ததா, மறக்கல."

ஷாரோன் லேப்டாப்பை மூடினாள்.

மாசானம் அவளுக்கு முன்னால் இப்போது முதுகு உடைந்திருக்கிற அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். நாங்குநேரிப் பக்கத்து டிப்ளமோ. ஷாரோன் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம், இன்ஜினியரிங் படித்த பெண் பாதிச் சம்பளத்துக்குக் கிடைக்கிறாள் என்று அவனை அனுப்பிவிட்டார்கள். அவன் கிளம்பின அன்று அவள் கேன்டீனில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் போன பிறகுதான் வெளியே வந்தாள்.

"அந்த ஆளு எழுதின ஒரு வரிய நான்தாம்மா எடுத்தேன். அதனாலதான் உன் வெரலு வுழல."

லூர்தம்மாள் துவட்டுவதை நிறுத்தினாள். "ஏன் எடுத்த?"

"இது எதுக்குன்னு ஒருத்தன் கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியல."

"தெரியலன்னா தெரிஞ்சவனக் கேக்கறது."

"கேக்க ஒரு மாதிரி இருந்துச்சி."

"ஒரு மாதிரி இருந்துச்சி" என்று லூர்தம்மாள் அதையே திருப்பிச் சொன்னாள். பிறகு அணைந்த அடுப்பைப் பற்றவைத்தாள். "நாளைக்கும் நாளன்னிக்கும் ரெண்டு நாளும் வுழுந்தாவணும். அத்தப் பாரு."

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்தே காலுக்கு ஷாரோனும் ஸ்கூட்டியில் கூடவே போனாள். எடுத்த வரியை இரவு அம்மா தூங்கின பிறகு திரும்பச் சேர்த்து, சோதித்துப் பார்க்காமலே ஒரு கார்டில் ஏற்றிப் பையில் வைத்திருந்தாள். ஆனால் ஃபேக்டரி மிசினைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. கேட்டில் மஞ்சள் விளக்கின் கீழே நூறு பேர் மழைக்கோட்டும் பாலித்தீன் கவருமாக வரிசையில் நின்றார்கள். லூர்தம்மாள் முறை வந்தது. மூன்று முறை. சிவப்பு.

"யண்ணா, அந்த மிசினு எங்க கம்பெனி செஞ்சது. தப்பு எங்களுது" என்றாள் ஷாரோன், கோதண்டத்திடம். "எங்கம்மா வந்தாங்கன்னு நீங்களே பாக்கறீங்க இல்ல. கைல எழுதுங்க."

கோதண்டம் அவளை மேலும் கீழும் பார்த்தான். கெட்ட ஆள் என்று சொல்ல முடியாது. போன வருஷம் லூர்தம்மாளுக்கு ஜுரம் என்றபோது அவனே பைக்கில் கொண்டுவந்து விட்டான்.

"கைல எழுதறது இப்ப செல்லாதும்மா. எழுதக் கூடாதுன்னுதான மிசினு வாங்கி வெச்சிகீறாங்க. தப்பு ஒங்களுதுன்னா ஒங்க கம்பெனில ஒரு லெட்டரு குடு, சீல் போட்டு. நான் மேல குடுக்கறேன். யக்கா, நீ நிக்காத, உள்ள போ. லைன்ல இன்னிக்கும் நாலு பேரு இல்ல."

"நாளு எழுத மாட்ட, வேல மட்டும் வோணுமா?"

"வேலைக்கி ஆளு நான் வெக்கறேன். நாளு மிசினு வெக்குது. நான் இன்னா பண்ணட்டும்?"

லூர்தம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஷாரோன் வாயெடுப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். அரத்தைப் பிடிக்கத் துணி சுற்றிய கட்டை கையில் இருந்தது. உள்ளே போகாவிட்டால், வேலைக்கே வரவில்லை என்று அதையும் சேர்த்து எழுதுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆபீஸில் பிரசன்னா கதவைச் சாத்திக்கொண்டு கேட்டான்.

"லெட்டரா? ஷாரோன், லிசன். ஒரு லெட்டர் குடுத்தா இருநூறு மிசினுக்கும் பெனால்டி கேப்பான். ஞாயித்துக்கிழமை மெயின்டெனன்ஸ் இருக்கு, அன்னிக்கி எல்லாத்துக்கும் அப்டேட் போட்டுடலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"ஞாயித்துக்கிழமை லேட் சார். அங்க ஒருத்தவங்களுக்கு நாளையோட முடியுது."

"யாரோ ஒருத்தருக்காக..."

"எங்கம்மா."

பிரசன்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வேண்டியதற்கு மேல் துடைத்தான்.

"இத நீ என்கிட்ட சொல்லாமயே இருந்திருக்கலாம். இப்ப நான் லெட்டர் குடுத்தா, அவங்க பொண்ணு கேட்டதுக்காகக் குடுத்தேம்பான். குடுக்கவே முடியாது." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். "ஒண்ணு பண்றேன். அந்த கேட் மிசின் ஒண்ணுல மட்டும் ஃபீல்ட் டெஸ்ட்டுனு பர்மிஷன் வாங்கித் தரேன். நாளைக் காலைல நீயே போய்ப் போடு. ஆனா அது ஓடணும். ஓடலன்னா என் தலை போவும்."

ஓடவில்லை. அதுதான் அன்றைய நாளின் கொடுமை. பழைய வரியை அச்சு மாறாமல் திரும்ப வைத்திருந்தாள். ஆபீஸில் காவலுக்கு இருக்கிற சுப்பராயன் ரிடயர் ஆன கொத்தனார். சிமெண்டு தின்ற விரல். அவரை உட்காரவைத்து வைக்கச் சொன்னாள். சிவப்பு. முந்நூறை ஐந்நூறாக்கினாள். சிவப்பு. கூர்மையை நாலு மடங்காக்கினாள். சிவப்பு.

"இந்தக் கைய வெச்சித்தான் தண்டலத்துல ரெண்டு காலேஜு கட்னன்" என்றார் சுப்பராயன். "உன் பொட்டி ஒத்துக்க மாட்டுது. வுடும்மா, டீ ஆறுது."

மதியம் இரண்டரை ஆயிற்று. அவள் சாப்பிடவில்லை. கழுத்து இப்போது இரண்டு பக்கமும் திரும்பவில்லை. மூன்று மணிக்கு, மாசானம் வாலாஜாபாத்தில் வைத்திருக்கிற ரிப்பேர் கடைக்கு வழியைச் சுப்பராயனிடம் கேட்டுக்கொண்டு, போர்டையும் லேப்டாப்பையும் பையில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் ரோட்டில் ஸ்கூட்டியைத் திருப்பினாள். கண்டெய்னர் லாரிகள் இறைத்த சேற்றுத் தண்ணீர் முகத்தில் அடித்தது. பள்ளம் எது ரோடு எது என்று தெரியவில்லை. போய் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனவளுக்கு, கடைசி வரை ஒரு வார்த்தையும் அகப்படவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. வெளியே கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டர்கள் அடுக்கியிருந்தன. உள்ளே மாசானம் வாஷிங் மெஷின் போர்டு ஒன்றில் ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி முத்துச்செல்வி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்" என்றான், தலை நிமிராமல். "வழி தெரிஞ்சுட்டா?"

"மாசானம்ணா..."

"இவியதான் ஷாரோனா?" என்றாள் முத்துச்செல்வி. "ஒரு வருசமா ஒங்க பேரத்தான் வாயில போட்டு மெல்லுதாவ. நான் கூட ஆளு பெருசா இருப்பியன்னு நினைச்சேன். ஒல்லியால்லா இருக்கிய. உக்காருங்க."

ஷாரோன் உட்காரவில்லை. ஒரே மூச்சில் சொன்னாள். புது கெர்னல், எடுத்த வரி, அம்மாவின் விரல், நாளை ஒரு நாள்தான்.

மாசானம் ஈயக் கம்பியைத் தாங்கியில் வைத்தான். "எடுக்காதியன்னு எழுதியிருந்தேம்லா. அதையும் சேத்துல எடுத்திருக்கிய."

"ஆமா."

"யாரு, லூர்து அக்காவா ஒங்கம்மா? மாத்தூரு?"

"ஆமா."

"அந்தக் கருவாட்டுக் கொழம்புக்கு நான் இன்னும் கடம்பட்டிருக்கேன். இல்லன்னா இப்பம் ஒங்கள வெளிய போங்கன்னுருப்பேன்" என்று கையை நீட்டினான். "கொண்டாங்க."

திரையை இரண்டு நிமிஷம் மேலும் கீழும் ஓட்டினான். மழைக்குக் கரண்ட் ஒருமுறை போய் வந்தது. லேப்டாப் வெளிச்சத்தில் அவன் முகம் மட்டும் தெரிந்தது.

"வரி சரியாத்தான் இருக்கு. ஆனா புது கெர்னல்ல சும்மா இருந்தா சென்சார தூங்கப் போட்டுரும்லா, கரண்டு மிச்சம் பண்ண. ரெண்டாவது தடவக்கும் மூணாவது தடவக்கும் நடுவுல அது தூங்கி எந்திரிக்கு. எந்திரிச்சா நாம சொன்னது ஒண்ணும் அதுக்கு ஞாவகம் இருக்காது. கூட்டி வச்சது பூராம் அழிஞ்சிருதுல்லா. நீங்க நாலு மடங்கு வச்சாலும் நாப்பது மடங்கு வச்சாலும் ஒண்ணுதான். விரல் வச்சு முடிக்கது வரைக்கும் தூங்க விடாதிய."

நாலு வரி. பத்து நிமிஷ வேலை.

"விரலுக்கு எங்க போவோம் இப்பம்" என்று அவன் சொல்லும்போதே முத்துச்செல்வி பட்டாணித் தட்டை நகர்த்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒம்பது வயசுலேருந்து பீடி சுத்துன கையி. ரேசன் கடையில என்னைய பாத்தாலே மிசின மூடிருதான். வைக்கட்டா?"

சிவப்பு. சிவப்பு. ஒரு நொடி. பச்சை.

ஷாரோன் அப்போதுதான் உட்கார்ந்தாள். முத்துச்செல்வி ஒரு டம்ளர் டீயை அவள் கையில் திணித்தாள்.

"அந்த ஃபைலு தலப்புல என் பேரு இருந்துச்சு" என்றான் மாசானம். "இப்பம் யாரு பேரு இருக்கு?"

"என் பேரு."

"பேரு மேல எனக்கு ஆசயில்லன்னு சொன்னா பொய்யி. அங்க வேல பாத்ததுக்கு ஒரு சர்ட்டிபிகேட்டு கூட தரல. அந்த ஒத்தப் பேருதான் எனக்கு அத்தாட்சி. எங்க போய் நின்னாலும் இந்தாப் பாருங்கன்னு அதத்தான் காட்டிக்கிட்டிருந்தேன். ஆகஸ்டுக்கு அப்புறம் காட்டினா ஒங்க பேரு வருது."

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள். எழுதியவர் என்ற இடத்தில் மாசானத்தின் பெயரையும் ஊரையும் போட்டாள். ஏன் முந்நூறு என்று ஆகஸ்டில் கேட்ட ஆளுக்கு இப்போது பதில் எழுதினாள்: வார்ப்பு இரும்பும் அலுமினியமும் ராவுகிறவர்களின் விரல்நுனியில் ரேகை இருக்காது, ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரி கேட்டில் மூன்று நாள் உட்கார்ந்து அளந்தது, இதை எடுத்தது என் தவறு. அனுப்பிவிட்டுத் திரையை அவனிடம் காட்டினாள். அவன் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தான்.

"நாங்குநேரிக்கு ஒரு எழுத்து விட்டுட்டிய" என்றான். திருத்தி இன்னொரு முறை அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கேட்டு மிசினைத் திறந்து கார்டை மாற்றினாள். செக்யூரிட்டியும் கோதண்டமும் இரண்டு பக்கமும் குடையோடு நின்றார்கள். பர்மிஷன் மெயிலைக் கோதண்டம் இரண்டு தரம் படித்தான். மிசின் எழுந்து வர நாற்பது நொடி ஆயிற்று. வரிசை அதற்குள் ரோடு வரை போய்விட்டது.

"இன்னாப்பா, மிசினுக்கு ஆபரேசனா?" என்றாள் ஒருத்தி.

"பொழைக்குமா?" என்றாள் பின்னால் நின்றவள்.

லூர்தம்மாள் முதல் ஆளாக நின்றாள். வலது ஆள்காட்டி விரலைப் புடவையில் துடைத்தாள். வைத்தாள். சிவப்பு. எடுத்து இன்னொரு முறை வைத்தாள். சிவப்பு. பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை வைத்தபோது மிசின் யோசித்தது. அந்த முந்நூறு மில்லி செகண்டை எத்தனையோ முறை திரையில் எண்ணாகப் பார்த்தவள் ஷாரோன். அது இவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாது.

பச்சை. லூர்தம்மாள். 479.

பின்னால் மூன்று பெண்கள், இரண்டு நாளாகச் சிவப்பு வாங்கினவர்கள், ஒருவர் பின் ஒருவராக வைத்தார்கள். மூன்று பேருக்கும் விழுந்தது. ஒருத்தி ஷாரோனின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

ஷாரோன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கோதண்டத்திடம் கொடுத்தாள். வியாழன் காலை ஐந்து ஐம்பத்தொன்றுக்கும், வெள்ளி காலை ஐந்து ஐம்பத்துநாலுக்கும் லூர்தம்மாள் இந்த மிசினில் மும்மூன்று முறை விரல் வைத்தார். படிக்காமல் போனதற்கு நான் செய்த மாற்றமே காரணம். கீழே அவள் கையெழுத்து. மிசினிலிருந்து ஆபீஸுக்கு வந்திருந்த தோல்விப் பதிவுகளையும் அச்சடித்துப் பின்னால் சேர்த்திருந்தாள். கேட்டில் கொடுத்துவிட்டேன் என்று பிரசன்னாவுக்கு ஒரு மெசேஜும் போட்டுவிட்டாள். பதில் வரவில்லை.

கோதண்டம் மழை படாமல் குடைக்குள் வைத்துப் படித்தான்.

"இதுல வெரலு வெச்சாங்கன்னுதான் கீது. யாரு வெரலுன்னு இல்லியே."

"படிக்காத விரல யாருதுன்னு மிசினு எப்பிடிண்ணா சொல்லும்?"

"அத்ததான் நானும் கேக்கறேன். சீலும் இல்ல." தாளை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். "மேல குடுக்கறேன். நான் தடுக்கல. ஆனா நம்பிக்கினு இருக்காத."

மதியம் இரண்டரைக்கு ஷிப்டு விட்டது. லூர்தம்மாள் அடையாள அட்டையையும் இரண்டு கையுறையையும் கேட்டில் எண்ணிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அரத்துக் கட்டையை மட்டும் கொடுக்கவில்லை. அது அவள் சொந்தத் துணி சுற்றியது. ரோட்டோரக் கடையில் ஷாரோன் இரண்டு டீ சொல்லி வைத்திருந்தாள். மழை விட்டிருந்தது. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

"வக்கீலாண்ட பேசினேன்" என்றாள் ஷாரோன். "அந்தத் தாளோட ஒரு காப்பி கேட்டாரு. பாக்கலாம்னாரு."

"பாக்கலாம்னா பாக்கலாம்தான்." லூர்தம்மாள் பொறையை டீயில் தோய்த்துத் தின்றாள். "அந்தப் புள்ளைக்கி பேரு போட்டியா?"

"போட்டேன்."

"ஒரு நாளு கூட்டியா, கொழம்பு வெக்கறேன். பொண்டாட்டியையும் சேத்து."

"சரிம்மா."

"இப்ப சொல்லு. மிசினு எத்தினின்னுது?"

"நானூத்தி எழுவத்தொம்போது."

"நான் செஞ்சது?"

"நானூத்தி எம்பத்தொண்ணு."

"மிச்சம் ரெண்ட யாரு குடுக்கணும்? கோதண்டமா? ஒங்க மேனேஜரா?"

ஷாரோன் தோளோடு திரும்பி அம்மாவைப் பார்த்தாள். "நான்தாம்மா குடுக்கணும்."

லூர்தம்மாள் டம்ளரைக் கழுவும் வாளியில் போட்டுவிட்டு வந்து, ஸ்கூட்டியின் பின்சீட்டில் தேங்கியிருந்த தண்ணீரைக் கையால் வழித்துவிட்டாள்.

"வியாழக்கெழம ஒண்ணு" என்றாள். "வெள்ளிக்கெழம ஒண்ணு."